எல்.பி. தட்டு ஏறாத லயத்து வீடுகள்

இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து குறுந்தட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் இசை இடம்மாறிய வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒலித்தரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். இரைச்சல் குறைந்தது, நேரம் கூடியது, துல்லியம் பெருகியது என்று அந்த வரலாறு படிப்படியாக ஏறிச் செல்லும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற ஒரு ரப்பர் தோட்டப் பட்டணத்தில் நின்று பார்த்தால் அதே வரலாறு வேறு வரிசையில் தெரிகிறது. மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், குடியிருக்கும் வீடு யாருடையது, வேலை போனால் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியும் என்ற மூன்று கேள்விகளே இங்கே ஒரு வடிவத்தை வீட்டுக்குள் விட்டன; இன்னொன்றை வாசலிலேயே நிறுத்தின. வாசலில் நின்றுபோனது எல்.பி. (லாங் பிளே) தட்டு. இன்று உலகம் முழுவதும் ஏக்கத்தோடு பேசப்படும் அந்தப் பெரிய கறுப்புத் தட்டு, தோட்டப்புறத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை.

முதலில் வந்த அரக்குத் தட்டுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குலத் தட்டு அது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் அடங்கும். கைச்சாவியால் சுருள்வில்லை முறுக்கிவிட்டால் தட்டு சுற்றும். எஃகு முள் பள்ளவரியின் நெளிவைத் தொட்டு அதிர, அந்த அதிர்வை ஒரு மெல்லிய தகடும் குழாயும் பெரிதாக்கித் தரும். ஒலி பிறப்பது முதல் காதுக்கு வருவது வரை எல்லாமே இயந்திர அசைவுதான். முள்ளின் தலை நூறு கிராமுக்கும் மேல் கனத்துத் தட்டின்மீது உட்கார்ந்திருக்கும். அரக்கோடு கல்தூளும் கலந்தே அந்தத் தட்டுகளைச் செய்தார்கள். அந்தத் தூள் முள்ளைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே தட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முள்ளை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டிய தட்டுகளே இன்று நம் கைக்கு அதிகம் கிடைக்கின்றன. அவற்றின் கரகரப்பைக் காலத்தின் குற்றமாகச் சொல்வது முழு உண்மையன்று.

கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான தமிழ்த் தட்டுகள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. நாதசுரமும் கர்நாடக இசையும் பக்திப் பாட்டும் நாடகப் பாட்டும் முதலில் வந்தன. பிறகு திரைப்பாட்டு மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. மேலை நாடுகளில் 1950களின் இறுதியோடு ஏறக்குறைய மறைந்துவிட்ட 78 சுற்றுத் தட்டை இந்தியா 1960களிலும் அச்சிட்டுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாடல்கள்கூட அங்கே அரக்குத் தட்டில் வந்தன என்பதைச் சேகரிப்பாளர்கள் இன்றும் வியப்போடு சொல்வார்கள். மின்சாரம் எட்டாத கிராமங்களில் கைச்சாவிப் பெட்டிகள் இருந்த வரையில் அந்தத் தட்டுக்கு வாங்குவோரும் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மலாயாத் தோட்டத்தின் நிலையும் அதுவே. ஆனால் இங்கே பாட்டுப்பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டிலோ, பட்டணத்துக் கடைக்காரர் வீட்டிலோ ஒன்று இருக்கும். மற்றவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பார்கள். எந்தப் பாட்டு, எத்தனை முறை என்பதைப் பெட்டிக்காரர் தீர்மானித்தார்.

அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948-இல் எல்.பி. தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பன்னிரண்டு அங்குலம், வினைல். அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் ஏழு அங்குல 45 சுற்றுத் தட்டோடு போட்டிக்கு வந்தது. சுழற்சி குறைந்ததோடு பள்ளவரியும் மெலிந்ததால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடிந்தது. ஒரு பக்கத்துப் பள்ளவரியை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். மெலிந்த பள்ளம் என்றால் மெலிந்த அதிர்வு. அந்த அதிர்வைத் தகடும் குழாயும் பெரிதாக்க முடியாது. மின்சாரம் இல்லாமல் எல்.பி. தட்டு வாய் திறக்காது என்ற இந்தக் காரணத்தால் ஒலித்தரத்தில் முன்னே போன வடிவம் தோட்டத்துக்கு வருகையில் பின்னே தங்கிவிட்டது.

பல தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மின்சாரம் வந்தது தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து. அதுவும் மாலையில் சில மணி நேரத்துக்கு. அந்த நேரத்திலும் தட்டைச் சுழற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்காலத்துத் தட்டுச் சுழற்றிகளின் மோட்டார் மாறுமின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றியே சுழலும். நாட்டு மின்கம்பியில் அது 50 ஹெர்ட்ஸ் என்று நிலையாக இருக்கும். சுமை கூடும்போது ஜெனரேட்டர் தளர்ந்து 47-க்கு இறங்கினால் தட்டின் சுழற்சியும் அதே விகிதத்தில் இறங்கும். பாட்டின் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை தாழ்ந்துவிடும். மைல்கல்லையும் கட்டை என்றே சொல்லும் நம் ஊரில் இந்தச் சுருதிக் கட்டையை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாடகர் ஒருவர் பாட்டின் நடுவே சோர்ந்துபோவதுபோல் கேட்டால் அது காதுக்குப் பிடிக்காமல் போக இசையறிவு வேண்டியதில்லை.

வீடு இன்னொரு காரணம். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை இருக்கும் வரைதான் குடியிருப்பு. விடுதலைக்கு முன்னும் பின்னுமாகப் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இந்த நிலையின்மை உச்சத்துக்குப் போனது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கித் தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததன் பின்னணி இதுதான். எந்த மாதம் மூட்டை கட்ட வேண்டிவரும் என்று தெரியாத குடும்பம், பன்னிரண்டு அங்குலத் தட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் பெட்டியையும் வாங்கி அடுக்கி வைக்க நினைத்திருக்காது.

ஆகவே கைச்சாவிப் பெட்டிக்கும் கேசட்டுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தோட்டத்தில் நிரப்பியது எல்.பி. தட்டாக இல்லாமல் வானொலியாக இருந்தது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் பெட்டி வந்த பிறகு வானொலியின் தமிழ்ப் பிரிவு லயத்தின் பொதுச் சொத்தாயிற்று. பின்னாளில் ரேடியோ 6 என்றும் இப்போது மின்னல் எஃப்.எம். என்றும் பெயர்கொண்டிருக்கும் அதே ஒலிபரப்புதான். தட்டு ஒலிபரப்பு நிலையத்தில் இருந்தது. கேட்டவர்கள் பால்மரக் காட்டுக்கு நடுவே இருந்தார்கள். விருப்பப் பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுப் பெயர் வருகிறதா என்று காத்திருப்பதுதான் அன்றைக்குத் தோட்டத்தார் செய்ய முடிந்த தேர்வு.

எல்.பி. தட்டைத் தோட்டத்தார் நேரில் கண்ட இடம் ஒன்று உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து வரும் ஒலிபெருக்கிக்காரர், மரத்தில் கூம்புகளைக் கட்டிவிட்டுத் தம் தட்டுப் பெட்டியைத் திறப்பார். படத்தின் கதை வசனத்தை மட்டும் தொகுத்த எல்.பி. தட்டுகள் அந்நாளில் பெரும் புகழோடு விற்றன. திரைப்படத்தைப் பார்க்காத பிள்ளைகளும் அதன் வசனத்தை ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிப்பதற்கு அந்தக் கூம்புகளே ஆசிரியராக இருந்தன. தட்டின் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் நெரிசலாகக் கேட்கும் என்பதும் அப்போது பழகிய ஒன்று. தட்டின் விளிம்பில் முள் வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கும். நடுவை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலி அலைகள் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால் உயர்ந்த சுரங்கள் சிதைகின்றன. தட்டு தயாரிப்பவர்கள் மென்மையான பாட்டை உள்வட்டத்தில் வைக்கப் பார்த்ததும் இதனால்தான்.

ஃபிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-இல். தொடக்கத்தில் அது பேச்சைப் பதிவு செய்யும் கருவியாகவே எண்ணப்பட்டது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும், நல்ல எல்.பி. தட்டோடு ஒப்பிட்டால் இரைச்சல் மிகுந்த, உயர்சுரம் மங்கிய வடிவம் அது. டால்பி முறை அந்த இரைச்சலைக் குறைத்தது என்றாலும் தோட்டத்தில் ஓடிய பெட்டிகளில் டால்பி இருந்ததா என்று யாரும் பார்த்து வாங்கவில்லை. ஒலித்தரத்தில் ஒரு படி இறங்கிய வடிவம் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் தோட்டப்புறத்தை முழுமையாக வென்றது. அது பேட்டரியில் ஓடியது. அதன் சிறிய நேர்மின் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடு இருந்ததால் ஜெனரேட்டரின் தளர்ச்சி அதைத் தொடவில்லை. சைக்கிள் கூடையில் போட்டாலும் உடையவில்லை. வீடு மாறும்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருபது கேசட் அடங்கியது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம், கேசட்டில் பதிவு செய்ய முடிந்தது. பட்டணத்து இசைக் கடைகளில் ஒரு தொழிலே இதனால் பிறந்தது. விரும்பிய பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், கடைக்காரர் தம்மிடமுள்ள எல்.பி. தட்டுகளிலிருந்து அவற்றை எடுத்துப் பதிந்து கொடுப்பார். அறுபது நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய பதின்மூன்று பாட்டு. தொண்ணூறு நிமிடக் கேசட் வாங்கினால் இன்னும் ஆறேழு. நாடா மெல்லியதாக இருப்பதால் தொண்ணூறு நிமிடக் கேசட் சிக்கிக்கொள்ளும் என்று எச்சரிக்கும் கடைக்காரரும் உண்டு. அவர் சொன்னது சரி, அறுபது நிமிட நாடாவின் கனம் 18 மைக்ரான், தொண்ணூறு நிமிட நாடாவின் கனம் 12 மைக்ரான்தான். எல்.பி. தட்டு கடையில் தாயாக இருந்தது. அதன் பிள்ளைகள் லயத்துக்குப் போயின. இசைத்தட்டு போய்க் கேசட் வந்தது என்று பொதுவாகச் சொல்கிறோம்; உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து பல ஆண்டுகள் இருந்தன.

இந்தத் தொழில் காப்புரிமையை மீறியது என்பதை மறைப்பதற்கில்லை. இரவுச் சந்தையில் விற்ற கேசட்டுகளின் அட்டைப்படத்தைப் பார்த்தாலே நகலின் நகல் என்று தெரியும். மலேசியாவின் இப்போதைய காப்புரிமைச் சட்டம் 1987-இல் வந்தது. பாசார் மாலாம் என்ற அந்த இரவுச் சந்தை அதற்குப் பிறகும் நெடுங்காலம் அப்படியேதான் இருந்தது.

பாட்டை நகலெடுத்ததோடு கேசட் நிற்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நம் குரலே பதியும் என்று தெரிந்தபோது, தோட்டம் முதன்முதலாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமான 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். எழுதத் தெரியாத பாட்டி, கடிதத்துக்குப் பதிலாகப் பேசியே ஒரு பக்கத்தை நிரப்பி ஊருக்கு அனுப்பினார். கோயில் பஜனை, ஒப்பாரி, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா நாடகம், பொங்கலுக்கு லயத்துப் பையன்கள் நடத்திய இசை நிகழ்ச்சி என்று எந்த நிறுவனமும் தட்டாகப் போட்டிருக்காத ஒலிகள் அறுபது நிமிட நாடாக்களில் ஏறின. பிறகு, நாடா விலைகொடுத்து வாங்கியது என்பதால், அவற்றில் பலவற்றின்மேல் புதுப்படப் பாட்டு பதியப்பட்டது. எங்கள் வீட்டிலும் தாத்தாவின் குரலின்மேல் ஒரு தீபாவளிப் படத்தின் பாட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. பதிந்தது நான்தான்.

குறுந்தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த வடிவம், வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்களாகப் பதிகிறது. 74 நிமிடம் அடங்கும். முள் கிடையாது, லேசர் ஒளி தொடாமலே படிக்கிறது. தோட்டத்துக்கு அது வந்து சேர்ந்த காலத்தில் தோட்டமே கலைந்துகொண்டிருந்தது. கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், அல்லது நிலத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். மக்கள் பட்டணத்தின் ஓரத்து மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். அங்கே மின்சாரம் நாள் முழுதும் இருந்தது; ஆனால் பணம் வானொலிப் பெட்டிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக்குப் போயிற்று. ஆகவே இசைக் குறுந்தட்டைவிட வி.சி.டி.தான் நம் வீடுகளில் நிலைத்தது. ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டுகளில் வரும். இடைவேளை தட்டை மாற்றும் நேரமாயிற்று.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, 1995-இல் எம்.பி.3 என்ற கோப்புப் பெயரைப் பெற்ற சுருக்கமுறைதான் அடுத்த உண்மையான திருப்பம். பெரிய ஒலி ஒன்று எழும்போது அதையொட்டிய சிறிய ஒலிகளைக் காது உணர்வதில்லை. உணராத பகுதிக்கு இடம் ஒதுக்காமல் விட்டால் கோப்பு சிறுத்துவிடும். குறுந்தட்டில் ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் வேண்டும். 128 கிலோபிட் வேகத்து எம்.பி.3-க்கு ஒரு மெகாபைட் போதும். இதனால் 700 மெகாபைட் தட்டு ஒன்றில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு ஏறியது. முன்பு பதின்மூன்று பாட்டுக்குப் பட்டியல் எழுதியவர்கள் இப்போது நூற்றைம்பது பாட்டு கொண்ட தட்டைப் பட்டியலே இல்லாமல் வாங்கினார்கள். பிறகு அதே கடைகள் கைப்பேசியின் நினைவு அட்டையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) பாட்டு நிரப்பிக் கொடுத்தன. யூடியூபும், மலேசியாவில் 2013-இல் தொடங்கிய ஸ்பாட்டிஃபையும் அந்தக் கடைகளின் கடைசித் தொழிலையும் எடுத்துக்கொண்டன.

அமெரிக்காவில் 2022-இல் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் குறுந்தட்டுகளை விஞ்சி விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடப்பது அதுவே முதல்முறை. அந்த அலையின் நுரை இங்கும் தெரிகிறது. பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் சந்தையிலும் ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையிலும் பழைய தமிழ்த் தட்டுகளைத் தேடும் இளைஞர்களைக் காணலாம். அவர்களுடைய ஆர்வம் நல்லதே. ஆனால் அவர்கள் தேடும் பாட்டுகளில் பெரும்பாலானவை சென்னையிலும் பிற இடங்களிலும் பாதுகாக்கப்பட்டு ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றன. நம் ஊரில் மட்டுமே இருப்பது பிஸ்கட் டின்னில் உள்ள கேசட்தான். பழைய ஒலிகளைப் புதிய வடிவத்துக்கு மாற்ற நேரமும் பணமும் குறைவாக இருப்பவர்கள் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேசட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

தட்டு காத்திருக்கும் என்பதும் இதற்குக் காரணம். எழுபது எண்பது ஆண்டுகளைக் கடந்த அரக்குத் தட்டு உடையாமல் இருந்தால் இன்றும் பாடும். அதைத் துடைக்கச் சாராயம் கலந்த திரவம் எதையும் தொடக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். வினைல் தட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது என்பதால் ஏறக்குறைய 75 மைக்ரான் முனையுள்ள முள் வேண்டும், எல்.பி. தட்டுக்கு 25 மைக்ரானோ அதற்கும் குறைவோ போதும். எல்.பி. தட்டைக் கணினியோடு இணைக்கும்போது முன்பெருக்கி ஒன்று இடையில் இருக்க வேண்டும். பள்ளம் அகன்றுவிடாமலிருக்கத் தாழ்சுரங்களைக் குறைத்தும், இரைச்சலுக்கு மேலே நிற்க உயர்சுரங்களைக் கூட்டியும் தட்டில் பதிந்திருப்பார்கள். முன்பெருக்கி அதைத் தலைகீழாக்கிச் சமன்செய்கிறது. அது இல்லாமல் பதிந்தால் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

கேசட் அப்படிக் காத்திருக்காது. நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடிபோல் பூஞ்சணம் படியும். அதை அப்படியே ஓட்டினால் பெட்டியில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முகக்கவசம் அணிந்து வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டின் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால், திருகாணி வைத்த வேறொரு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் பதிந்த கேசட்டுகள் மூடிப் போர்த்தியதுபோல் மங்கலாகக் கேட்பதற்குப் பல நேரங்களில் நாடா காரணமாக இருப்பதில்லை. அன்று பதிந்த பெட்டியின் தலை சற்றுச் சாய்ந்திருந்திருக்கும். ஓட்டும் பெட்டியின் தலையருகே உள்ள சிறு திருகாணியைக் குரல் தெளியும் வரை மெல்லத் திருப்பி, அதே சாய்வுக்குக் கொண்டுவந்தால் ஒளிந்திருந்த உயர்சுரம் வெளிவரும். கணினிக்குள் பதியும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது. 45 நிமிடத்துக்கு ஒன்றரை கிகாபைட் ஆகும், இன்றைய விலையில் அது ஒரு பொருட்டல்ல. எம்.பி.3-ஐ உறவினருக்கு அனுப்பத் தனியாகச் செய்துகொள்ளலாம். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். இரண்டாயிரத்தை ஒட்டி வீட்டில் எரித்து வைத்த குறுந்தட்டுகள் இருந்தால் அவற்றையும் இப்போதே நகலெடுக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் சாயப்பூச்சு மங்கிப்போகும். பாட்டியின் அரக்குத் தட்டுக்கு முன்னால் பேத்தியின் குறுந்தட்டு ஊமையாகிவிடக்கூடும்.

இந்த வேலையில் சுருக்குவழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும், அந்த நேரத்தில் ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருப்பது நல்லது. கடையில் வாங்கிய பாட்டுக்கு உறையில் பெயர் இருக்கும். வீட்டுக் கேசட்டின்மேல் 'அப்பா', 'திருவிழா', 'நல்லது, அழிக்காதே' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பேசியவர் யார் என்பதோடு, எந்தத் தோட்டம், அதன் எத்தனையாவது டிவிஷன் (பிரிவு) என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்தத் தோட்டங்களில் சில இன்று ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகக்கூட மிஞ்சவில்லை. முடிந்தால் அந்தக் குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேசட்டை ஓட்டுங்கள்; ஒரே ஓட்டத்தில் நாடா அறுந்துபோனாலும், யார் குரல் அது என்று அவர் சொன்னது தாளில் இருக்கும்.